தெள்ளுப்பூச்சி காத்த வாசல்

தையல்காரரின் மனைவி பெட்டியோடு வாசலைத் தாண்டியபோது தெருவுக்குப் போகவில்லை, தன் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேர்ந்தாள். ஏதோ நினைப்பில் திரும்பிவிட்டோம் போல என்று மறுபடி தாண்டினாள். மறுபடியும் சமையலறை. காய்ச்சி இறக்கிய பால் இன்னும் சூடு ஆறவில்லை. காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அவள் கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். அந்த வீட்டுத் தெள்ளுப்பூச்சி யாரைக் கடிக்கிறதோ, அவரை அந்தப் பூச்சியின் வம்சம் அங்கே இருக்கும்வரை வாசல் வெளியே விடாது. கூரையில் ஓட்டை இருந்தால் ஒழுகும் என்பதைப் போல, தெருவில் எல்லோரும் இதைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள்.

அவளுக்குப் பக்கத்து ஊர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை கிடைத்திருந்தது. ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், டேப் இல்லாமலே துணியை வெட்டிவிடுவாள். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து ஹூக் வைப்பதும் காஜா எடுப்பதும்தான் அவள் பங்காக இருந்தது. வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "நீ போயிட்டா ஹூக் யாரு வைப்பா?" என்று கேட்டார். அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அவள் வராததால் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு நாள் நேரில் வந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று நிலைமையைப் பார்த்தார். அடுத்த கோடை முடியும்வரை அந்த மேசையை யாருக்கும் கொடுக்கமாட்டோம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூச்சிகளுக்கு ஊர்தி அந்த வீட்டுப் பூனை. மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியல்மேல் படுத்து, வேலை நடப்பதை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரின் காலில் மேனேஜர் ஒரு தடவை உரசியது. அவரும் உள்ளேயே தங்கிவிட்டார். முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரத்திலிருந்து குழம்பில் உப்பு குறைச்சல் என்றார். தன் வீட்டில் நாய்க்கு வாங்கிய மருந்து இருக்கிறது, தெருவில் போகிற யாரிடமாவது சொல்லி எடுத்துவரச் செய்யலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

நல்லவேளையாக அதற்கு முன் கால்நடை டாக்டரம்மா வந்தார். அவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "நாய் மருந்தப் பூனைக்குப் போட்டா முதல்ல பூனைதான் போகும்," என்று தெருவில் நின்றே சொன்னார். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தைக் கம்பி வழியாகக் கொடுத்தார். நக்க எட்டாத இடமாக, பிடரியில் முடியை விலக்கித் தோலில் விடவேண்டும், மாதம் தவறக்கூடாது. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். விரிப்புகளை வெந்நீரில் அலச வேண்டும். எல்லாம் செய்தார்கள். மேனேஜர் மூன்று பேரையும் பாரபட்சமில்லாமல் பிறாண்டியது. வெட்டுத்துணிக் குவியலை மட்டும் தையல்காரர் தொடவிடவில்லை. எந்தத் துண்டு எப்போது ஒட்டுக்கு ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றார். மிஷின் ஓடும்போதுதான் பூச்சி கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அதையும் நிறுத்தி உறை போட்டு மூடினார். கடி நின்றது. சீப்பில் ஒன்றும் சிக்கவில்லை. மீட்டர்காரர் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மழைக்காலத்தில் ஒரு காலை, மற்ற இருவரும் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா ஜன்னலில் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். பூச்சி சாகவில்லை, வெட்டுத்துணிக் குவியலில் கூடு கட்டித் தூங்குகிறது, அதிர்வும் சூடும் பட்டால்தான் வெளியே வரும், வந்தால் மருந்து போட்ட பூனைமேல் ஏறிச் சாகும், ஆகவே மிஷினை ஓட்டுங்கள் என்றார். தையல்காரர் தலையாட்டினார். பிறகு உள்ளே போய், உறையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கேட்டவர்களிடம் பூனைக்கு இரைச்சல் ஆகாது என்றார். மழை போனது, பனி போனது. அவர் கையாலேயே தைத்தார், அவள் ஹூக் வைத்தாள். இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டார்கள். வாசலைத் தாண்டிப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

கோடையின் கடைசி வாரத்தில் அவள் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்து, கோடு போடாமல் வெட்ட ஆரம்பித்தாள். முன்பக்கம், முதுகு, கை, காலர். தையல்காரர் அந்தக் காகிதத்தை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். அத்தனை வருடம் அவர் தனக்குத் தைத்துக்கொண்ட எந்தச் சட்டையும் அப்படி உட்கார்ந்ததில்லை. வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

"மிஷின ஓட்டினாத்தான் போகுமாம்," என்றார். "டாக்டரம்மா சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"மழை பெய்யும்போது."

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். "தம்பி, நீங்க சும்மா இருங்க," என்றாள். மிஷினின் உறையை அவளே அவிழ்த்தாள். மேனேஜரைத் தூக்கி, பிடரியில் மருந்து விட்டு, குவியல்மேல் உட்காரவைத்தாள். "மிதிங்க," என்றாள் கணவரிடம்.

துணியே இல்லாமல் அவர் மிதித்தார். சாப்பிடும் நேரம் தவிர மிதித்தார். பூச்சிகள் எள்ளைத் தூவியதுபோல் எழும்பி, பூனைமேல் ஏறி, உதிர்ந்தன. அவள் கூட்டினாள், மீட்டர்காரர் அள்ளி முக்கினார். பூச்சி பாதி குறைந்தபோது கோடை முடிந்துவிட்டது. கம்பெனியில் அந்த மேசைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, கூட்டுவதை நிறுத்தாமல், "வேற கம்பெனி இல்லாமலா போச்சு?" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை மீட்டர்காரர் வாசலைத் தாண்டினார். "அக்கா, தெருவுல இருக்கேன்," என்று குரல் வந்தது. அவர் தன் வீட்டை நோக்கி ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பெட்டியோடு வெளியே வந்து, சிறிது நேரம் வெயிலில் நின்றாள். பஸ் வரை வருகிறேன் என்று தையல்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு தாண்டினார். அவர் மட்டும் வரவில்லை, சமையலறையில் பாத்திரம் உருண்டது.

வீட்டில் ஒரு பூச்சியும் இல்லை என்று டாக்டரம்மா உள்ளே போய், குப்புறப் படுத்துத் தேடிப் பார்த்துச் சொன்னார். வாசல் அதைக் காதில் வாங்கவில்லை. தெருக்காரர்கள் துணியையும் அளவுச் சட்டையையும் ஜன்னலில் கொடுத்துப் பழகிவிட்டார்கள். வெளியே சுற்றும் பூனைக்கு மருந்து மாதம் தவறக்கூடாது என்பதால், அவள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்பெனியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். மேனேஜரைத் தெருவிலேயே பிடித்து மடியில் போட்டு, மருந்து விட்டுவிட்டு, கம்பி ஓரமாக நின்று கொஞ்சம் பேசுகிறாள்.

"மறுபடி எப்போ?" என்று அவர் கேட்பார்.

"அடுத்த மருந்துக்கு," என்பாள். அதற்குள் பஸ் வந்துவிடும்.