ஸ்பூன் தொரை

அறிவழகன் ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டு விருந்துக்குச் சட்டைப்பையில் சொந்த ஸ்பூனோடு வந்த செய்தி, திங்கட்கிழமை காலை ஷிப்ட் பஸ் கிளம்புவதற்குள் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவள் அக்காள் ராஜாம்பாளேதான். குவார்ட்டர்ஸுக்கு அவள் செய்துவரும் பொதுத்தொண்டு அது.

“கறிக்கொழம்பு சோத்த ஸ்பூன்ல அள்ளுறான்டி! மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுல டிரில் மெஷின் புடிக்கிறவன், நெனப்பு மட்டும் பெரிய ஆபீசர்னு. நான் வுடுவனா? ‘என் வூட்டுச் சோத்துல கை வெச்சா கொறஞ்சிடுவியாடா’ன்னு புடுங்கிட்டேன்.”

எதிர்வீட்டுத் தமிழ்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். ‘ஸ்பூன் தொரை’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

ஸ்பூன் போனபின் தம்பி ஆவி பறக்கும் சோற்றில் கைவிட்டுப் பிசைந்ததும், பாதி மடியில் சிந்தியதும் ராஜாம்பாளுக்கு வீம்பாகத்தான் பட்டது. சுட்டதற்கு அவன் முகம் சுளிக்காதது அவள் கண்ணில் படவேயில்லை. ஊரார் வீட்டில் எது நடந்தாலும் படும் கண் அது.

புதன்கிழமை மார்க்கெட்டில் தம்பி மனைவி சங்கீதா அவளை ஓரமாக இழுத்தாள்.

“அண்ணி, அவரு வெரலெல்லாம் கொப்புளம். கட்டவெரலும் பக்கத்து ரெண்டு வெரலும் மரத்துப்போயி மாசக்கணக்கா ஆவுது. சூடு தெரியல, சட்டை பட்டன் கூட நான்தான் போட்டுவுடுறேன். மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக்கினு இருக்காம். ஆபரேசன் பண்ணணும்னுட்டாரு டாக்டரு.”

“அடிப்பாவி, எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“உங்ககிட்ட சொன்னா பிளாக்குக்கே தெரிஞ்சிடுமேன்னுதான் அண்ணி. கான்ட்ராக்டரு காதுல வுழுந்தா நாளைக்கே நிறுத்திடுவாரு. உங்க தம்பி வேற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. அது கெடைக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுங்க.”

ராஜாம்பாள் வீடு வீடாகப் போய் ‘என் தம்பிக்குத் திமிர் இல்லடி, நோவு’ என்று சொல்லத் துடித்தாள். சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சேதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறும் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். இலை போட்டுச் சோறு வைத்து, ஒரு ஸ்பூனையும் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தமிழ்மொழி உறைமோர் கேட்டு உள்ளே நுழைந்தாள். கையில் டம்ளர், கண் இலையில். அவன் கை சட்டென்று மடிக்குள் மறைந்தது.

ராஜாம்பாள் தனக்கும் ஓர் இலையைப் போட்டு, இன்னொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னாக்கா, வூடே தொரை வூடா மாறிடுச்சா?”

“ஆமாண்டி. இந்தப் பவுசெல்லாம் எங்கிட்டதான் அவன் கத்துக்கினான். எழுந்துக்க முடியாது, உள்ளார போயி நீயே மோர் எடுத்துக்கோ.”

அவள் ஸ்பூனிலிருந்து கறி எலும்பு வழுக்கிப் புடவையில் விழுந்தது. தமிழ்மொழி சிரித்த சிரிப்பு அடுத்த பிளாக்குக்கே கேட்டிருக்கும். இனி யார் யார் வீட்டுக்கு இது போகும், எந்த வரிசையில் போகும் என்பது ராஜாம்பாளுக்கு அத்துப்படி.

தமிழ்மொழி போனதும் தம்பி முணுமுணுத்தான்: “உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?”

“பேசாம தின்னுடா,” என்றாள் ராஜாம்பாள், அவன் விரல்களைப் பார்க்காமல்.