ரணவிருவின் காம்பரா

முன்னாள் இராணுவத்தினருக்கு விலைவாசிப் படி கூடியிருக்கிறது என்று டிவியில் சொன்ன அன்றே, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் பூமாலையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். எஹலியகொட பக்கத்து இந்த இறப்பர் தோட்டத்திலிருந்து இராணுவத்துக்குப் போன ஒரே ஆள் என் அப்பா சுரேந்திரன். போகும்போது இரண்டு காலோடு போனார். அதுவரை தலைவருக்கு அவர் வெறும் நொண்டி. அன்றைக்கு மட்டும் சிங்களத்தில் "ரணவிரு", போர்வீரர்.

"நான்தாண்ணே மேலிடத்துல பேசிக் கூட்டிக் குடுத்தேன்."

எந்த மேலிடமோ! இவர் கோல் எடுத்தால் கங்காணியே ஆன்சர் பண்ணுவதில்லை.

போட்டோ எடுத்து முடித்து அம்மா பக்கம் திரும்பினார். "ரணவிரு சம்சாரம் இறப்பர் பால் வாளி தூக்குறது நல்லாவா இருக்கு? வேலையில இருந்து பேர எடுத்துட்டு ராசாத்தி மாதிரி இருங்கக்கா."

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். அப்பாவுக்கோ மாலை வாசம் தலைக்கேறியிருந்தது.

"அதான் கூடிருச்சே, இன்னும் எதுக்கு மலையேறுற?"

"மொத காசு கைக்கு வரட்டும்ப்பா," என்றேன்.

"நீ சும்மா இரு நிரோஷா."

மறுநாள் தலைவர் தன் ஆட்டோவிலேயே அம்மாவைத் தோட்ட ஒப்பீசுக்கு ஏற்றிப்போய், செக்ரோலில், தொழிலாளர் பதிவில், இருந்த பேரை எடுக்க வைத்தார். ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மாதம் பிறந்ததும் அப்பா ஸம்சுதீன் நானா கடைக்குப் போனார். நானா சிரித்தார்.

"ஒங்களுக்குக் கூடுன நியூஸ் தேங்காய்க்கு மொதல்லயே தெரிஞ்சிருச்சு போல."

கூடிய காசுக்குக் கிடைத்தது ஒரு பால்மா பெட்டியும் கொஞ்சம் தேங்காயும். இதற்குத்தான் டிவியில் அத்தனை கொடி, அத்தனை கும்பிடு.

அடுத்த கிழமை ஒப்பீசிலிருந்து ஆள் வந்தது. செக்ரோலில் பேரில்லாத குடும்பத்துக்கு லயத்துக் காம்பரா கிடையாது, குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ண வேண்டும். லயத்து நாய்க்கும் தெரிந்த சட்டம். படி கூடிய மிதப்பில் அப்பாவும் அம்மாவும் அதை மறந்திருந்தார்கள். தலைவர் மறக்கவில்லை. காம்பராவைத் தன் மச்சானுக்கென்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

அப்பா பதக்கத்தைக் குத்திக்கொண்டு தோட்ட மேனேஜர் தொரையிடம் போனார். தொரை எழுந்து சல்யூட் அடித்தாராம். தேத்தண்ணி கொடுத்து, நீங்கள் இல்லாவிட்டால் நாடே இல்லை என்றாராம். காம்பராவுக்கு மட்டும் செக்ரோலில் ஒரு பேர் வேண்டுமாம். அந்த முழங்காலோடு அம்மாவைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நாட்டுக்குக் காலைக் கொடுத்தவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி, சீனி போட்டு.

விடிய நான் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நின்றேன். இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குக் கிடைத்திருந்த இடம் அதோடு போனது. செக்ரோலில் என் பேர் ஏறியது.

வேலை முடிந்து வாளியோடு வந்தால், தலைவரும் மச்சானும் எங்கள் வாசலில் கட்டிலை இறக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா கதவை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"என் பேரு பதிஞ்சாச்சு தலைவரே. வேணுமின்னா ஒப்பீசுல கேளுங்க."

தலைவர் என் வாளியைப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

"அடடே! ரணவிரு மகளும் தோட்டத்துக்குச் சேவையா? பொறு தங்கச்சி, ஒரு போட்டோ."

"எடுங்க. மச்சான் கட்டிலத் தூக்கிட்டு எறங்குறதும் தெரியிற மாதிரி எடுங்க."

மச்சானால் தனியே தூக்க முடியவில்லை. தலைவர் போனைப் பையில் போட்டுவிட்டு, கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார்.