சன்னச் சல்லடை

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு அளவுக்காரி என்று பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன். காப்பிக்குச் சர்க்கரை போட்டால்கூடக் கரண்டியின் தலையைத் தட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் போடுவாள். மாட்டுப் பண்ணையில் கன்றுக் கொட்டகை அவள் பொறுப்பு. மூத்தவள் கை வைத்தால் பிசகாது என்று மாமனார் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

அந்தத் தலைக்கனம் கடைசியில் சாணியில் போய் முட்டியது. பால்குடி மறக்காத கன்றுகளுக்கு மக்காச்சோளத்தை ஒன்றிரண்டாக உடைத்துத் தொட்டியில் வைப்பார்கள். ஒரு நாள் கொட்டகையைக் கழுவும்போது, சாணியில் சோளத் துண்டுகள் அப்படியே கிடப்பதைப் பார்த்தாள். தின்றது இப்படி வீணாகப் போகிறதே என்று அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. அரவை மெஷினில் இருந்த சல்லடையைக் கழற்றிவிட்டுச் சன்னக் கண் சல்லடையை மாட்டினாள். பச்சைக் குழந்தையைக் கடித்துத் தின்னச் சொன்னால் எப்படி என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி மாவு விழுந்தது. லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் கன்றுகள் தொட்டியை நக்கித் தீர்த்தன. யாரிடமும் அவள் சொல்லவில்லை. சல்லடை மாற்றுவதெல்லாம் ஒரு செய்தியா என்ன?

அதற்குப் பிறகுதான் சாணி இளகியது. கன்றின் மார்பைச் சுற்றி டேப் பிடித்து வளர்த்தியைப் பார்ப்பது அவள் வழக்கம். டேப் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் வெள்ளை நெற்றிக் கன்று வயிறு உப்பிச் செத்துப்போனது.

பால் ஊட்டிக்கொண்டிருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பாலை ஆறவிட்டுக் கொடுத்திருப்பாள், அதுதான் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று அளவுக்காரி சொன்னாள். பழி போடவேண்டும் என்று சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். சின்னவள் பேச்சும் சிரிப்புமாக வேலை செய்கிறவள். சிரித்துக்கொண்டே வேலை செய்கிற யாரைக் கண்டாலும் அளவுக்காரிக்கு ஒரு சந்தேகம். மாமனார் மறு விசாரணை இல்லாமல் பால் வாளியைப் பிடுங்கி மூத்தவள் கையில் கொடுத்தார். சின்னவள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததையே சாட்சியாக வைத்து வீடு தீர்ப்பு எழுதிவிட்டது.

இப்போது பட்டப்பகலில், கொட்டகைத் தரையில் குட்டைக்காதுக் கன்று கால்களை நீட்டிக் கிடந்தது. இடப்பக்க வயிறு முட்டிக்கொண்டு நின்றது. விரலால் சுண்டினால் டம்மென்று சத்தம் வந்தது. மூச்சை இழுத்து இழுத்து வாங்கியது. காலையில் அதற்குப் பால் கொடுத்தது அளவுக்காரியேதான், அதுவும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து. பால் ஆறிப்போனது என்று இந்தத் தடவை சொல்ல வழியில்லை.

கொழுந்தன் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான். டாக்டர் வேறொரு பண்ணையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார், உடனே கிளம்ப முடியாது. தொண்டை வழியாக வயிற்றுக்கு ரப்பர் குழாயை விடச் சொன்னார். கன்று விடவில்லை. தலையை உதறி உதறிக் குழாயைத் தள்ளியது. மாமனார் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சின்னவளைக் கூப்பிடச் சொன்னார்.

சின்னவள் ஈரக்கையோடு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து கன்றின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அது அடங்கியது. குழாயும் இறங்கியது. ஆனால் காற்று வரவில்லை, நுரைதான் பொங்கி வந்தது. புளித்து நாறியது.

"நுரையா வருதா? அப்ப கவனமாக் கேளுங்க," என்றார் டாக்டர். "பால் கெட்டிருந்தா ஒரு மருந்து, தீவனம் புளிச்சிருந்தா வேற மருந்து. மாத்தி ஊத்தினா கன்னு தாங்காது. தீவனத்துல எதாச்சும் மாத்தினீங்களா?"

எப்போதும் போல உடைத்த சோளம்தான் என்றான் கொழுந்தன். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படியென்றால் பால்தான் என்று டாக்டர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். கொழுந்தன் அலமாரியைத் திறந்து பாட்டிலைத் தேடினான்.

அளவுக்காரி குழாயைப் பார்த்தாள். அதன் நுனியில் வெள்ளையாகப் பசை அப்பியிருந்தது. அது அவள் அரைத்த மாவு. இதற்குக் காரணம் மாவு என்றால் வெள்ளை நெற்றிக்கும் அதுதான் காரணம். சொன்னால் மாமனார் முன்னால், ஓரகத்தி முன்னால், இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் ஒரு வார்த்தையில் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் சல்லடையை மாற்றிவிடலாம். அப்படியும் நினைத்தாள், நினைக்கத்தான் செய்தாள். கொழுந்தன் பாட்டிலோடு வந்து குனிந்தான். கன்றின் நாக்கு வெளியே தொங்கி, நீலம் பாரித்திருந்தது.

"ஊத்தாத," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"டாக்டர், அது மாவு. நான்தான் சல்லடைய மாத்தினேன். மாவா அரைச்சுப் போட்டுட்டு இருக்கேன்."

கொழுந்தன் பாட்டிலை மூடிக் கீழே வைத்தான்.

டாக்டர் திட்டவில்லை. "மாவு வயித்துக்குள்ள போனதும் புளிச்சிடும்மா," என்றார். "கன்னு கடிச்சு மென்னு அசைபோட்டாத்தான் அதோட வயிறே வளரும்." வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, எண்ணெயும் சேர்த்துக் குழாயில் விடச் சொன்னார். அளவுக்காரி ஓடினாள். கரைக்கும்போது அவசரத்தில் கொஞ்சம் கீழே சிந்தியது. மறுபடியும் கரைத்தாள். கொழுந்தன் ஊற்றினான். எல்லோரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நேரம் அது அசையவில்லை. பிறகு கன்று கழுத்தை நீட்டிப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. இன்னொன்றும் வந்தது. மேடாக நின்ற வயிறு மெல்லத் தணிந்தது.

மாமனார் பால் வாளியை எடுத்துவந்து சின்னவளின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. கொழுந்தன் அண்ணியைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பின்னாலேயே போய்விட்டான்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. சல்லடையை எப்போது மாற்றியது என்று கேட்டாள். வெள்ளை நெற்றி சாவதற்கு முன்னாலேயே என்று அளவுக்காரி சொன்னாள். கத்துவாள், சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தாள். வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"அன்னிக்குப் பால்ல கைய விட்டுப் பார்த்துத்தான் குடுத்தேன். சூடாத்தான் இருந்துச்சு," என்றாள் சின்னவள். கன்றின் காதை நீவிக்கொண்டே பேசினாள். "ஆனா நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். இவ்வளவு நாளும் நான்தான் அதைக் கொன்னுட்டேன்னு நம்பிட்டு இருந்தேன்க்கா."

அளவுக்காரிக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அங்கிருந்து நகர்ந்தாள். மற்றக் கன்றுகளின் தொட்டிகளில் மாவு இன்னும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, அழுதுகொண்டே, வெறுங்கையால் அதை வழித்தெடுக்க ஆரம்பித்தாள்.