போணி இல்லாத கடை

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் தெய்வநாயகி கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அழுகை வரவில்லை. பலகைகள் கனமாக இருந்தன. அது மட்டும்தான் தெரிந்தது.

புதுச்சேரியை ஒட்டிய ஒதியம்பட்டில் அந்த மளிகைக் கடையை வைத்தவர் அவள் புருஷன் உத்திராபதி. பிரெஞ்சுக்காரன் இருந்தவரை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மலிவுச் சரக்கு தேடி வந்தார்கள். ஐம்பத்து நாலில் சுங்கச் சாவடிகளை எடுத்ததும் அந்தக் கூட்டம் நின்றுபோனது. அக்கம்பக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. உத்திராபதி மட்டும் உப்பையும் மண்ணெண்ணெயையும் வாங்கின விலைக்கே விற்கத் தொடங்கினார்.

"அதுல லாபம் பாக்கக் கூடாது. அது ஆளக் கூட்டியாற சரக்கு. உப்புக்கு வர்றவ மொளகா, புளி வாங்காம போவ மாட்டா. லாபம் அங்க கீது" என்று சாப்பிடும்போது சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றுவாள். அறுபதாம் வருஷத்து ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. கடை இருந்தது.

அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். எதிரே புங்கமரத்தடியில் நாலைந்து பெண்கள் பாத்திரங்களோடு நின்றார்கள்.

"நீ போயேன் மே."

"நான் எதுக்கு? எனக்கு இன்னா அவசரம்? நீ போ."

"எம் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறமே. வேற நாளா இருந்தா போவேன்."

எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாவன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள்தான். ஆனால் தாலியறுத்தவள் கையால் அன்றைய முதல் போணியை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. யாராவது ஒருத்தர் வாங்கிவிட்டால் போதும், பின்னாலேயே மற்றவர்கள் வந்துவிடுவார்கள். அந்த ஒருத்தர் யார் என்பதுதான் கேள்வி. வேறொருத்தி கடையாக இருந்தால் போன வருஷம் அவளும் அந்த மரத்தடியில்தான் நின்றிருப்பாள். அதனால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வெயில் ஏறியதும் ஒவ்வொருத்தராக வில்லியனூர்க் கடைகளுக்கு நடந்தார்கள்.

இப்படியே நாட்கள் போயின. துவரம்பருப்பில் வண்டு வைத்தது. வெல்லம் கசிந்து சாக்கில் ஒட்டியது.

கொழுந்தன் கலியன் வந்தான். "அண்ணி, கடைய எம் பேருக்கு எழுதிக் குடுத்துடு. நான் உக்காந்தா சனம் வரும். உனக்குச் சோத்துக்கு ஒண்ணும் கொறை வைக்க மாட்டேன்."

"காலையில மட்டும் வந்து போணி பண்ணிட்டுப் போயேன், கலியா."

"அதுக்கு வேற ஆளப் பாரு" என்று போய்விட்டான்.

வேறு யாரை உட்கார வைத்தாலும் ஒருநாள் கடை உட்கார்ந்தவனுடையதாகிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை புதுச்சேரி மண்டியிலிருந்து சரக்கு வண்டி வந்தது. மண்டி ஆள் உலகநாதன் கல்லாவைப் பார்க்க மாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு, சரக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். உப்பு மூட்டையில் அவர் கை மணிக்கட்டுவரைகூட இறங்கவில்லை.

"ஏம்மா, போன தடவை வெச்ச எடத்துலயே கீதே. நவுராத கடைக்குச் சரக்கு போடாதேன்னுதான் மொதலாளி சொல்லுவாரு. அடுத்த வியாழன் பாக்கறேன். அப்பவும் எறங்கலன்னா வண்டி இந்தப் பக்கம் திரும்பாது."

வண்டி நின்றால் கடை கலியன் கைக்குப் போய்விடும். அவளுக்குப் புரிந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மாரிமுத்து ஓடிவந்தான். அவன் குழந்தை வயிற்று வலியில் துடித்துக்கொண்டிருந்தது.

"ஓமம் குடுக்கா, சீக்கிரம்!"

"இன்னும் போணி ஆவலடா."

"போணியாவது மண்ணாவது, குடுக்கா!"

அவன் வாங்கிக்கொண்டு ஓடினான். அன்று வில்லியனூருக்கு நடக்க மனமில்லாமல் மரத்தடியில் நின்றவர்கள் ஒரே மூச்சில் கடைக்குள் நுழைந்தார்கள். உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய் என்று நாலு பக்கமும் கை நீண்டது.

"அந்தப் புள்ள தெனம் ஒரு தடவை கத்துனா தேவல" என்றாள் காசம்மாள்.

"உன் வாய்ல மண்ணள்ளிப் போட! பச்சப் புள்ளயப் போயி" என்று பின்னால் யாரோ அவளை இடித்தார்கள். சிரிப்பு எழுந்தது. தெய்வநாயகி அளந்துகொண்டே இருந்தாள்.

கடை மூடும் நேரம் வந்தபோது முதல் பலகையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். இதைப் போட்டால் நாளைக்குக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி மரத்தடி. பலகையைத் திரும்பச் சுவரில் சாய்த்தாள். லாந்தரை ஏற்றி வைத்துச் சாக்கை விரித்துப் படுத்தாள். வீட்டில் படுத்தாலும் தூக்கம் வரப்போவதில்லை.

விடிந்ததும் காசம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பலகையே போடல?"

"நேத்து யாவாரம் இன்னும் முடியல."

"அப்ப போணி?"

"அதான் மாரிமுத்து பண்ணிட்டானே."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் வில்லியனூருக்கு நடந்து அவர்களுக்கும் கால் ஓய்ந்திருந்தது.

"அதானே! மூடாத கடைக்கு ஏது மொதப் போணி?" என்று காசம்மாள் மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டினாள்.

அடுத்த வியாழன் உலகநாதனின் கை உப்பு மூட்டையில் தோள்வரை போனது. கையை உதறிவிட்டு வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து பலகை போடவே இல்லை. பொங்கலுக்கும் இல்லை, அவளுக்குச் சுரம் வந்தபோதும் இல்லை. "கடை நடத்துறியா, சத்திரம் நடத்துறியா?" என்று கலியன் கேலி பேசினான்.

ஐப்பசியில் உத்திராபதியின் தலைத்திவசம் வந்தது. கலியன் ஈர வேட்டியோடு கடை வாசலில் நின்றான்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாளாவது பலகையப் போடு. கட்டினவனுக்குத் தெவசம் நடக்கும்போது தராசு புடிச்சா ஊரு காறித் துப்பும்."

"போட்டா நாளைக்கு யாருடா தெறக்கறது?"

"நான் தெறக்கறேன்" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்தான்.

"ஐயரு காத்திருப்பாரு. பிண்டம் நீதான் வெக்கணும். போ."

சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டில் மந்திரம் கேட்டது. பிறகு காக்காயைக் கூப்பிடும் குரல் கேட்டது. வாசலில் காசம்மாள் அரைப்படி உப்பு கேட்டாள். தெய்வநாயகி அளந்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று உள்ளுக்குள் காத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

கலியன் பெண்சாதி வாழையிலையில் படையல் சோறு கொண்டுவந்து கல்லா மேல் வைத்துவிட்டுப் போனாள். வாழைக்காய் வறுவல் இருந்தது. அவருக்குப் பிடித்தது.

"செத்த நில்லு காசம்மா, ரெண்டு வாய் தின்னுட்டுக் கணக்குப் பாக்கறேன்."

"தின்னு தின்னு. நான் எங்க போறேன்" என்று காசம்மாள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

தெய்வநாயகி உப்புக் கையைக் கழுவாமலே சோற்றைப் பிசைந்தாள்.