சர்ச்சுக்குத் தோதான துப்பாக்கி

கடைக்காரன் ரோஸ் கலர் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்ததும் ஒலீட்டா ஸ்டெகாலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பச்சைக் குழந்தைக்குக் குல்லா எடுக்கிற கலர் அது. அந்தக் கலரில் போய் ஒரு சாவுச் சாமானைச் செய்து, பளபளவென்று மெருகு வேறு ஏற்றி வைத்திருக்கிறான்கள். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ!

“சும்மா கையில எடுத்துப் பாருங்கம்மா,” என்றான் கடைக்கார டெவிட். “அலுமினியம். பஞ்சு மாதிரி இருக்கும். அஞ்சு குண்டு. தட்டுற சுத்தி வெளிய நீட்டிக்கிட்டு இருக்காது, அதனால பையிலேருந்து உருவுறப்ப துணியில மாட்டாது. பையில போட்டுக்கிட்டா போட்டுக்கிட்டதே மறந்துபோயிடும்.”

“மறந்துபோறதுக்கு எதுக்குய்யா வாங்கணும்?”

பக்கத்தில் நின்ற ஜொனெல் கொல்லென்று சிரித்தாள். சபையின் மூத்த மூப்பர் பர்ல் ஹாட்செட்டின் பெண்டாட்டி அவள். தன் கைப்பையைத் திறந்து, உதட்டுச் சாயத்துக்கும் வண்டிச் சாவிக்கும் நடுவே கிடந்த தன்னுடையதைக் காட்டினாள். அது ஊதாக் கலர். “ஈஸ்டர் கவுனுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு எடுத்தேன்டி. நீ எப்பவும் சாம்பல் கலர் கார்டிகன்தானே போடுவ? அதுக்கு ரோஸ் எடுப்பா இருக்கும்.”

“எடுப்பா இருக்கணுமா, மறைவா இருக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“ஐயோ, இவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுப்பா!”

ஒலீட்டாவுக்குத் துப்பாக்கி ஒன்றும் புதுசில்லை. டெக்சஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன புதுசு! செத்துப்போன புருஷனுடைய மான் துப்பாக்கி இன்னும் சமையலறை மூலையில் நிற்கிறது. கோழிக்கூண்டுக்குள் பாம்பு புகுந்தபோது அவளே சுட்டிருக்கிறாள். அதெல்லாம் வேலைக்கான சாமான், ஊரறிய நிற்கும். இது அப்படியில்லை. இடுப்பிலும் பையிலும் ஒளித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே தோத்திரம் சொல்வதற்கென்று செய்தது. கருமம்!

அவள் இங்கே வந்து நின்றதற்குக் காரணம் புதன்கிழமை ஜெப விருந்து. எங்கேயோ ஒரு சர்ச்சில் எவனோ புகுந்து சுட்டான் என்று டிவியில் காட்டினார்கள். உடனே நம் ஆட்களுக்கும் வீரம் வந்துவிட்டது, பாதுகாப்புக் குழு ஒன்று போட்டார்கள். சபையார் அத்தனை பேரும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவர்கள். போதகர் பாதி நேரம் கண்ணை மூடி ஜெபத்தில் இருப்பார். பியானோ மட்டும் குறுக்கே போட்டிருப்பதால் அதன் முன்னால் உட்காருகிற ஒலீட்டாவுக்கு வாசல் நேராகத் தெரியும். “உள்ள வர்றவனை முதல்ல பாக்கப்போறது ஒலீட்டாதான். அவகிட்ட ஒண்ணு இருக்கணும்,” என்றார் பர்ல். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவள் வாயில் அப்போது பொரித்த கெளுத்தி மீன் துண்டு ஒன்று இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் தீர்மானம் நிறைவேறிப் போதகர் ஆமென் சொல்லிவிட்டார்.

சரி, தொலையட்டும், ஒரு வாரம் இவர்கள் ஆடி ஓயட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு லேனி சர்ச்சுக்குள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

லேனி அவளுடைய ஒரே பிள்ளை. எண்ணெய்க் கிணற்று வேலையில் முதுகு ஒடிந்து, வலிக்கென்று மாத்திரை தின்ன ஆரம்பித்து, அப்புறம் மாத்திரைக்கென்றே திருட ஆரம்பித்தவன். அப்பன் அடக்கத்தன்று மயக்கத்தில் வந்து பூ வளையங்களை எட்டி உதைத்தான். தடுக்கப்போன பர்லின் மூஞ்சிக்கு நேரே கையை நீட்டி, இந்தச் சர்ச்சையே கொளுத்துகிறேன் பார் என்று கத்தினான். பிறகு ஜெயில். இந்த வசந்தத்தில்தான் வெளியே வந்தான். டயர் கடையில் வேலை, கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை. இப்போது ஒரு பீர் கூடத் தொடுவதில்லை.

ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு எதிரே பீகன் மரத்தடியில் தன் பச்சை பிக்கப் வண்டியை நிறுத்தி, தொப்பியை மூஞ்சிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கி அம்மா வாசிப்பதைக் கேட்பான். உள்ளே வர வெட்கம். அவன் காதில் விழட்டும் என்று ஏசி ஓடும்போதே இவள் பியானோ பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று பின்வரிசையில் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டுமே! கெஞ்சிக் கெஞ்சி, ஒருவழியாக நாளைக்குக் கடைசிப் பலகையில் வந்து உட்காருகிறேன் என்று சொல்ல வைத்துவிட்டாள். பகலுக்கு அவனுக்குப் பிடித்த கோழியும் மாவுருண்டையும் செய்வதாக உத்தேசம்.

“வாங்க, பின்னாடி போய் ஒரு தடவை சுட்டுப் பாத்துடலாம்,” என்றார் கூடவே வந்திருந்த பர்ல்.

கடைக்குப் பின்னால் மண்மேடு. அதன் முன்னால் மனுஷ உருவம் போட்ட காகிதத்தை டெவிட் கட்டித் தொங்கவிட்டான். காதுக்கு அடைப்பானை மாட்டிக்கொண்டு ஒலீட்டா விசையை இழுத்தாள். அது லேசில் அசைந்து கொடுக்கவில்லை. பல்லைக் கடித்து இழுத்ததும் வெடித்தது பாருங்கள், கோவேறு கழுதை உதைத்த மாதிரி உள்ளங்கை அதிர்ந்து போயிற்று. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. குண்டு எங்கே போயிற்றோ, ஆண்டவருக்கே வெளிச்சம். காகிதத்தில் ஒரு கீறல் கூட இல்லை.

“கனம் குறைஞ்சா உதை ஜாஸ்திம்மா,” என்று டெவிட் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினான். “நிறையப் பேரு ஒரே ஒரு தடவை சுட்டுப் பாப்பாங்க, அப்புறம் தொடவே மாட்டாங்க. சும்மா பையில வச்சிக்கிட்டுத் திரிவாங்க.”

“இதை வாசலுக்குக் குறி வச்சா பாட்டுப் புஸ்தகம் அடுக்கி வச்சிருக்கிற அலமாரிலதான் படும்,” என்றாள் ஒலீட்டா. “பியானோ வாசிக்கிற கைய்யா இது. போதும், ஆளை விடுங்க.”

“அட, தூரம் ரொம்ப இல்ல ஒலீட்டா,” என்று பர்ல் காகிதத்தை இன்னும் கிட்டே இழுத்துக் கட்டச் சொன்னார். “பியானோவுலேருந்து வாசல் இவ்வளவுதான். நான் அளந்து பாத்துட்டேன். ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்க. மூஞ்சி சரியாத் தெரியாது, தொப்பியைக் கீழ இழுத்து விட்டிருப்பான்.”

“யாரு?”

“வர்றவன். பொதுவாச் சொன்னேன்.”

“பொதுவா வர்றவனுக்குத் தொப்பி எங்கேருந்து வந்துச்சு பர்ல்?”

பர்ல் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். ஜொனெலுக்குத்தான் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதே. “அந்தப் பச்சை வண்டிதான்டி,” என்றாள். “வாராவாரம் மரத்தடியில வந்து நின்னுக்கிட்டு முறைச்சு முறைச்சுப் பாக்குதே. எங்களுக்கெல்லாம் ஜெபத்துல மனசே நிக்கல.”

“அது லேனி,” என்றாள் ஒலீட்டா. “ஜொனெல், அது என் பிள்ளைடி.”

“தெரியும்,” என்றார் பர்ல்.

தெரியுமாம்! அந்த ஒரு வார்த்தையோடு அவள் மனசில் பர்லுக்கு இருந்த மரியாதை அத்தனையும் போயிற்று. இனி அவனுக்கு ‘என்றார்’ என்கிற ‘ர்’ ஒன்றுதான் கேடா! முப்பது வருஷமாகப் புருஷனோடு மீன் பிடிக்கப் போனவன், அவள் சமைத்ததை வழித்துத் தின்றவன்.

“தெரிஞ்சுமா என் கையில இதைக் குடுக்கிற?”

“தெரிஞ்சதாலதான் குடுக்கிறேன். கொளுத்துறேன்னு சொன்னானே ஒலீட்டா! உன் புருஷன் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். எனக்கு மறக்கல. அன்னிலேருந்து எனக்குச் சரியாத் தூக்கம் கிடையாது, இவளைக் கேட்டுப் பாரு.”

“அது மாத்திரை பேசின பேச்சு. இப்ப அவன் சுத்தமா இருக்கான். நாளைக்கு உள்ள வர்றேன்னு சொல்லியிருக்கான். பாட்டுக் கேக்க வர்றான்யா, வேற எதுக்கும் இல்ல.”

ஜொனெலின் கை தன்னையறியாமல் கைப்பைக்குப் போயிற்று. பர்ல் ஆறுதல் சொல்கிற குரலில், ஜெபக்கூட்டத்தில் பேசுகிற அதே தேன் குரலில் சொன்னான்:

“வரட்டும். நல்லபடியா வந்தா ரொம்பச் சந்தோஷம், நானே எழுந்து கை குடுப்பேன். வேற மாதிரி வந்தான்னா, உன்னைப் பாத்து ஒரு நொடி தயங்குவான். பெத்தவளாச்சே. நீ சுடக்கூட வேணாம், சும்மா எடுத்துக் காட்டினாப் போதும். அந்த ஒரு நொடி எங்களுக்குப் போதும்.”

ஒலீட்டா துப்பாக்கியை மண்ணில் போட்டாள். அறுபது வயசு வரைக்கும் தெருவில் எச்சில் துப்பாதவள், காறி அவன் பூட்ஸ் மேல் துப்பினாள்.

“த்தூ! இதெல்லாம் சர்ச்சுல அப்பம் பிட்டுக் குடுக்கிற கையா!”

“திட்டு, பரவாயில்ல,” என்று பர்ல் பூட்ஸைப் புல்லில் தேய்த்தான். “உனக்கு வேணாம்னா வேணாம். நாங்க இருக்கோம்.”

“யார் யாரு?”

“மூப்பருங்க எல்லாரும். காணிக்கைத் தட்டு எடுக்கிறவங்க. போதகர் பூட்ஸுக்குள்ள வச்சிருக்காரு. ஒண்ணு மட்டும் செய். கையை வெளிய தெரியிற மாதிரி வச்சுக்கிட்டு வரச் சொல்லு அவனை. பையில விட்டுக்கிட்டு வர வேணாம். நம்ம ஆளுங்க எல்லாரும் புதுசா வாங்கியிருக்காங்க, பதட்டப்படுவாங்க.”

கீழே கிடந்ததை டெவிட் எடுத்து ஊதி, மண்ணைத் துடைத்தான்.

ஒலீட்டா வண்டியை நேரே லேனியின் அறைக்கு விட்டாள். தன் கையில் இருப்பதைக் கீழே போட்டு என்ன பிரயோஜனம்? அங்கே ஒரு டஜன் பைக்குள் ஒரு டஜன் கிடக்கும், ஒவ்வொன்றின் மேலும் வேர்த்த கை ஒன்று இருக்கும். ஒழுங்காய்க் குறி பார்க்கத் தெரிந்தவன் ஒருத்தன் கூட இல்லை. இத்தனை நாள் உள்ளே வா, உள்ளே வா என்று பிள்ளையைக் கூப்பிட்டதெல்லாம் இதற்குத்தானா?

டயர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் லேனி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கதவில் அப்பனுடைய பழுப்புக் கோட்டு தொங்கியது.

“பாத்தியாம்மா, அப்பா கோட்டு எனக்குச் சரியா இருக்கு,” என்று மாட்டிக் காட்டினான். முகமெல்லாம் பல்.

“நல்லா இருக்குடா. எங்க, நாளைக்கு வர்ற மாதிரி அந்தக் கதவுலேருந்து நடந்து வா.”

அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். இரண்டு எட்டு வைப்பதற்குள் வலது கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

“கையை வெளிய எடு. திரும்பி வா.”

திரும்ப நடந்தான். திரும்பவும் போயிற்று, இந்தத் தடவை இரண்டு கையும்.

“என்னம்மா பண்றது, அது தானாப் போவுது. வெளிய விட்டா நடுங்குது பாரு.” கையை நீட்டிக் காட்டினான். நடுங்கத்தான் செய்தது.

“அப்ப கோட்டு வேணாம். வெறும் சட்டையோட வா.”

“ஐயோ, சும்மா இரும்மா!” முழங்கை வரைக்கும் ஜெயிலில் குத்திக்கொண்ட பச்சை. அதில் பாதி சர்ச்சில் காட்டக்கூடிய படம் இல்லை. “முழுக்கைச் சட்டைதான், ஆனாலும் துணி மெலிசு, உள்ள தெரியும். கோட்டு இல்லாம நான் வரல.”

ஒலீட்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வராதே என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவான். அம்மாவுக்கும் வெட்கம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு, அப்புறம் மரத்தடிக்குக் கூட வரமாட்டான். வா என்று சொன்னால் அந்த வாசல். கைப்பையைத் திறந்து, பொத்தான் அறுந்தால் தைக்க வைத்திருந்த ஊசியையும் நூலையும் எடுத்தாள்.

“கழட்டிக் குடு அதை.”

பை வாயைச் சேர்த்துப் பிடித்து நெருக்கி நெருக்கித் தைக்க ஆரம்பித்தாள். கிழிந்த தோல் ஒவ்வொரு குத்துக்கும் சுரீரென்றது. அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“எதுக்கும்மா பையைத் தைக்கிற? கையில என்ன காயம்?”

சொன்னாள். கடையை, ரோஸ் கலரை, பர்ல் சொன்ன ஒரு நொடியை, எல்லாவற்றையும் சொன்னாள். “வேணாம்னா வராதடா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

லேனி இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வர்றேன்மா,” என்றான். “ஜெயில்ல குடுத்த கால்சட்டைலயும் பை கிடையாது. பழக்கம்தான்.”

ஒலீட்டாவின் ஊசி நின்றது. சீ என்று வந்தது அவளுக்கு. பர்ல் மேல் அல்ல, ஊசி பிடித்திருந்த தன் கையின் மேல். அவன் அதைப் பார்த்தானோ என்னவோ, கோட்டை மெல்லத் திருப்பி, அடுத்த பையின் வாயைத் தானே சேர்த்துப் பிடித்து அவள் தைப்பதற்குத் தோதாக நீட்டினான்.