டிக்சன் பிந்தி இறங்கும் இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாயிலிருந்து கிடைத்தது. பேசிய வாய் அல்ல, மூடியிருந்த வாய். போன ஐப்பசியில் சாத்தான்குளத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவரை எனக்குத் தெரியாது, நண்பருக்குத் துணையாகப் போனவன். அந்தப் பக்கத்துச் சபைக்காரர்கள் சாவு வீட்டிலும் ராகம், ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலாகப் பிரிந்து, நாலு பார்ட்டில் பாடுவார்கள். அழுதுகொண்டே பாடினாலும் ஆல்டோ ஆல்டோவாகவே இருக்கும். பெட்டியைச் சுற்றி எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, தலைமாட்டில் நின்ற ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இறந்தவரின் தம்பியாம். பக்கத்தில் அவர் மனைவி பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் பார்த்தது பெட்டியை அல்ல, புருஷனின் வாயை.

நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. அவருக்கு வெறும் தொண்டைக்கட்டாகக்கூட இருந்திருக்கலாம். அப்படியானால் முன்பின் தெரியாத ஒரு பெண்மேல் வீண்பழி போடப்போகிறேன். வாசகர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: “முத்துக்குப் பேர்போன தூத்துக்குடியில்…” [அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்றால் முத்து வந்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இந்தக் கதையில் முத்து கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: “இசை ஒரு பெருங்கடல். அதன் கரையில் ஜெயஷீலா…” [இதை எழுதியவனை எனக்குத் தெரியாது.]

மூன்றாம் தொடக்கம்: “ஜெயஷீலா தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.”

இது நிற்கட்டும். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பது அவள் வேலை. கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பெட்டி யார்டிலேயே கிடக்கும், முதலாளி ஆடித் தீர்த்துவிடுவார். ஆகவே அவளுடைய கண் எந்தத் தாளிலும் முதலில் பிழையைத்தான் தேடும். இது குணம் அல்ல, தொழில் என்று அவளுக்காக நான் வாதாடுகிறேன். ஆனால் தொழில் வீடுவரை கூடவே வந்தால் அதற்கு என்ன பெயர்?

புருஷன் டிக்சன், துறைமுகத்தில் எடைமேடைக்காரர். லாரியை நிறுத்தி, எடை பார்த்து, அனுப்பிவிடுவார். அதிகம் பேசமாட்டார். [இவரை எப்படி வர்ணிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பாடும்போதுதான் இவர் ஆள்.]

3

மகள் ஜெப்ஸி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது கீபோர்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதன்மேல் துணி காயப்போட மனம் வராமல்தான் ஜெயஷீலா அதைத் தொட்டாள். நாசரேத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து ஆல்டோ பாடுகிறவள். எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று தொண்டைக்குத் தெரியும், ஏன் அந்தச் சுரம் என்று தெரியாது. அந்த ‘ஏன்’ இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது.

கனடாவிலிருந்து ஒருத்தன் யூடியூபில் பாடம் எடுத்தான். பாதிப் பாடத்தில் அவன் நாய் குறுக்கே போகும். இன்னொரு இணையதளத்தில் பயிற்சிகள் இருந்தன. நாலு பார்ட்டையும் கோட்டில் புள்ளிகளாக வைத்தால், சரியாக இருக்கும் இடம் பச்சை, பிசகும் இடம் சிவப்பு வட்டம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இயர்போனை மாட்டிக்கொண்டு தயிர்சாதமும் சுர இடைவெளிகளுமாக உட்கார்ந்துவிடுவாள். மேஜர், மைனர், கார்டு என்கிற சுரக்கூட்டு, கார்டின் தலைகீழ். நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் யாரும் சொல்லாமல், யாருக்கும் பரீட்சை எழுதாமல், தனக்காகவே படித்தாள். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. பின்னால் நடந்ததற்குப் படிப்பு குற்றவாளி அல்ல.

(அரைகுறைப் படிப்பு? அதைப் பிறகு பார்ப்போம்.)

4

டிக்சனுக்கு ஒரு பழக்கம். ஆராதனைப் பாட்டுகளில் ராகம் கீழே இறங்கும் இடத்தில் அவர் கூடவே இறங்கமாட்டார். மேலேயே ஒரு நொடி நின்று, எல்லோரும் இறங்கிய பிறகு தானும் இறங்குவார். புத்தகத்தில் அப்படி இல்லை. காதால் பாடுகிறவர், புத்தகம் சும்மா கையில் இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒரு சாயங்காலம், ஜெயஷீலா அப்படி ஒரு பாட்டின் நாலு பார்ட்டையும் இணையதளத்தில் வைத்தாள், டிக்சன் பாடுகிறபடியே டெனரை. சிவப்பு வட்டம் விழுந்தது.

“இங்கன பாருங்க. இந்த எடத்துல நீங்க மேலயே நிக்கியோ. கார்டு மாறிருது. உங்க சுரம் அதுல கெடையாது.”

டிக்சன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்த்தார். “நான் சின்னப்பிள்ளையில இருந்து இப்படித்தான பாடுதேன்.”

“பாடுனா? தப்பு தப்புதான?”

“இவ்வளவு நாளும் தப்பாவாளா பாடியிருக்கேன்?”

“சின்னத் தப்புதாங்க” என்றாள் அவள், ஆபீசில் சொல்வதுபோலவே.

அடுத்த ஞாயிறு பாட்டு சுத்தமாக இருந்ததாக அவளுக்குப் பட்டது. அதற்கடுத்த ஞாயிறும். திரும்பிப் பார்த்திருந்தால் டிக்சனின் உதடு மட்டும் அசைவது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

[இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கதை எழுதுகிறவன் கோபப்படக்கூடாது என்பார்கள். சரி, அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறேன்.]

5

கோயில் அசனத்துக்கு, அதுதான் சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, டிக்சனின் அண்ணன் ஜேசுபாதம் சாத்தான்குளத்திலிருந்து வந்தார். வருஷா வருஷம் வருவார். சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் பாடுவது வழக்கம். அண்ணன் ராகம், தம்பி டெனர். அன்றும் ஜேசுபாதம் அந்தப் பாட்டையே எடுத்தார். ராகம் இறங்கும் இடம் வந்தது. இறங்கினார். வழக்கமாகத் தலைக்குமேல் ஒரு நொடி நின்று பிறகு வந்து சேரும் சத்தம் வரவில்லை. பாட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஏலே, எங்கல உன் சத்தம்?”

“சளி புடிச்சிருக்குண்ணே.”

“கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் குடி. அடுத்த வருசம் ரெண்டு வருசத்துக்கும் சேத்துப் பாடணும், சொல்லிட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயஷீலா அப்போதுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குச் சளி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“ஏன் அப்படிச் சொன்னியோ?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“அண்ணங்கூட நின்னு தப்பாப் பாட மனசு வரல.”

“சரியாப் பாடவேண்டியதுதான?”

“சரியா எனக்கு வரலளா.”

ஐப்பசி மழையில் ஜேசுபாதம் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். அவர் சொன்ன அடுத்த வருசம் வரவேயில்லை. பிறகு நடந்ததுதான் நான் பார்த்தது: பெட்டி, பாட்டு, மூடிய வாய், அதையே பார்த்துக்கொண்டிருந்த அவள். ‘ஒரு வரி, ஒரே ஒரு வரி பாடிவிடுங்கள்’ என்று அவள் மனதுக்குள் கெஞ்சியிருப்பாள். கெஞ்சினாள் என்றே எழுதிவிடுகிறேன்.

6

துக்கம் முடிந்து, ஒருநாள் ஆபீசில் அவள் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் திறந்தாள். கனடாக்காரன் உற்சாகமாக ஆரம்பித்தான். ஒரு குரல் பழைய கார்டின் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மற்ற குரல்கள் மாறியபிறகு தாமதமாக இறங்கினால் அதற்கு சஸ்பென்ஷன்* என்று பெயர். காது ஒரு நொடி தவிக்கும், பிறகு ஆறும். பாட்டிலேயே மிக அழகான இடம் அது என்று சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினான். நாய் குறுக்கே போனது. வாசித்தது டிக்சனின் சுரம்.

தயிர்சாதம் அப்படியே இருந்தது. அவள் பாதியில் நின்றிருந்தது ஆரம்பப் பாடங்களில்தான். அந்தப் பயிற்சித் தளமும் ஆரம்பக்காரர்களுக்கானது, இந்த அழகு அதற்குத் தெரியாது, ஆகவே சிவப்புப் போட்டது. கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருந்தால், அல்லது சொல்லாமலே இருந்திருந்தால் என்று நினைத்தபடி பாடத்தின் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கீபோர்டில் வாசித்துக் காட்டினாள். “இதுக்குப் பேரு இருக்குங்க. நீங்க பாடுனது தப்பே இல்ல. நாந்தான் முழுசாப் படிக்காம பேசிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க.”

டிக்சன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் எழுத எளிதாக இருந்திருக்கும்.

“பேரெல்லாம் எனக்குத் தெரியாதுளா. அண்ணன் எறங்கிட்டானான்னு கேட்டுட்டுத்தான் நான் எறங்குவேன். அதான் பிந்திரும். சின்னதுல பழகுனது, எங்க பாடுனாலும் அப்படியே வந்துரும்.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “இப்ப நீ சரின்னு சொல்லுத. சரி. இனி யார கேட்டுட்டு எறங்க?”

* இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ்ச்சொல் தேடினேன். ‘தொங்கல்’ என்றார் ஒரு நண்பர். அவரோடு அதற்குப் பிறகு பேசவில்லை.

7

முடிவு (அ): கிறிஸ்மஸ் ஆராதனையில் டிக்சன் பாடுகிறார். சபையே திரும்பிப் பார்க்கிறது. ஜெயஷீலா அழுகிறாள். [இப்படி முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜேசுபாதம் “எங்கல உன் சத்தம்” என்று கேட்ட அந்த அசனத்தை இது திருப்பித் தராது.]

முடிவு (ஆ): ஜெயஷீலா பாடத்தை நிறுத்திவிட்டுக் கீபோர்டைத் துணிபோட்டு மூடி… [இல்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பால் அடைக்க முடியாது. அவள் படிக்கட்டும், முழுசாகப் படிக்கட்டும்.]

முடிவு (இ): தண்ணீர் வரும் நாள். டிக்சன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஜெயஷீலா சமையலறையில் வெங்காயம் நறுக்குகிறாள். அந்தப் பாட்டை எடுக்கிறாள். வாழ்நாள் முழுக்கப் பாடிய ஆல்டோவை அல்ல, ராகத்தை, ஜேசுபாதம் பாடியதை. அவள் குரலுக்கு அது எட்டவில்லை, மேலே போகும்போது கீறுகிறது. இறங்கும் இடம் வருகிறது. குளியலறைக்குக் கேட்கும்படி சத்தமாக, நிதானமாக, இறங்குகிறாள். நின்று காத்திருக்கிறாள்.

உள்ளே குழாய்ச் சத்தம் நிற்கிறது.

தொட்டி நிறைந்ததால் நிறுத்தினாரா, கேட்பதற்காக நிறுத்தினாரா என்று நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை அவள் அவசரப்பட்டு இந்த மனிதருக்குச் சுரம் சொல்லிக்கொடுத்துவிட்டாள், இன்னொருமுறை நானும் செய்யமாட்டேன். அவள் அங்கே கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களும் கொஞ்சம் அவளோடு நில்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, அவர் எப்போதும் பிந்தித்தான் இறங்குவார்.