வெட்டாமல் விட்ட மூச்சு

...அந்தக் குரலை மியூட் பண்ணியிருந்தால் இவ்வளவும் வந்திராது, ஒரு பொத்தான், சுண்டுவிரல் பட்டாலே போதும், பதினைந்து வருடமாக இதே வேலையில் கிடக்கிற அனோஜாவுக்கு அன்றைக்கென்று அந்தச் சுண்டுவிரல் எங்கே போனது? நான்கு மணிக்குள் பாட்டை வெளியிடும் லண்டன் கம்பனிக்குப் படிவம் போயாக வேண்டும், இப்போது இரண்டே முக்கால். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, பாடியவர் எபோ, ஒலிக்கலவை அனோஜா பஸ்ரியன், ஒரேயொரு கோடு மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது, கடைசிக் கோரஸுக்கு முன்னால் வரும் பெண்குரல் யாருடையது, அவருடைய கையொப்பம். யாருடையது என்று எழுதுவது, ரொறன்ரோவின் இந்த மல்வேர்ன் வீட்டில் தன் தலைக்கு மேலே குசினியில் சீரகம் வறுக்கிறவளுடையது என்றா... இப்போது மேலே சத்தமில்லை. தபசு காலத்து வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை, அம்மா பஸ் எடுத்திருப்பாள். வீட்டுக்குக் கீழே இந்த பேஸ்மென்று அறைக்குள் இருந்தால் அம்மாவைக் காலடியில்தான் தெரியும், வலது கால் கொஞ்சம் இழுபடும், தம்பி யூட்சன் செத்துப்போன பிறகு வந்த இழுவை அது.

எபோவைக் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் கானாவின் கேப்கோஸ்ட் கடற்கரையிலிருந்து வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஐந்து பேரோடு ஓர் அறையில் முடங்கி, பகலில் கோப்பை கழுவி, மிச்ச நேரத்தில் பாட்டுக் கட்டியவன். தன் ஃபன்டி மொழியில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் நான்கு, ஜமேக்கா பேஸ், பிரேசில் மத்தளம், எங்கே எது அகப்பட்டாலும் தூக்கி உள்ளே போடுவான். உலகத்தில் எவன் கேட்டாலும் அவன் வீட்டுச் சாமான் ஒன்று என் பாட்டுக்குள் கிடக்க வேண்டும் என்பான், கொழுப்புத்தான், ஆனால் அது பலித்தும்விட்டது, இந்தப் பாட்டு சரிவந்தால் ஏழு நகரத்தில் மேடை. பெண்குரல் வேண்டுமென்று ஐந்து பாடகிகளைப் பாடவிட்டான், எல்லாரும் அழகாகப் பாடினார்கள், அந்த அழகுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. சும்மா இடம் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அனோஜா அந்தக் குரலை வைத்தாள்... சும்மாவா? கணினி நிறையக் குரல்கள் கிடக்க, தம்பியின் செத்தவீட்டு வீடியோவை ஏன் திறந்தாய் அனோஜா? வைத்தவள் மியூட் பண்ண மறந்து அப்படியே எபோவுக்கு அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவன் ஃபோன் பண்ணினான், யார் இந்த மனுசி, இதில் கை வைக்காதே என்றான். ஒருவருமில்லை, பழைய ரெக்கோர்டிங் என்றாள். ஒருவருமில்லை. பெற்ற தாயை. நான்கு மாதமாக அந்தச் சொல் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது.

மன்னாரில் தபசு காலத்துப் புலம்பல் என்றால் அம்மா மக்டலீன்தான் பாட வேண்டும், கோயில் நிறைந்த சனம் விம்மும், அப்படிப்பட்ட குரல். ரொறன்ரோவில் அது கடைசியாக வெளியே வந்தது செத்தவீட்டு மண்டபத்தில்தான், ஆறு வருடத்துக்கு முன்பு. வர முடியாத சொந்தங்கள் மன்னாரிலும் பாரிஸிலும் பார்க்கட்டும் என்று வீடியோக்காரரைப் பிடித்தார்கள், அவர் சுவாமியாரின் செபம் தெளிவாக விழ வேண்டுமென்று சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு மைக்கைக் குத்தினார், சுவாமியார் வர முந்தி அம்மா அந்த இடத்தில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். அதிலிருந்து வெட்டியதுதான் இந்தப் பதினொரு விநாடி. இதற்குப் பிறகு அம்மா மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, பெட்டிக்குள் கிடந்தவனிடம் கேட்டாள், "இந்தப் பனிக்குள்ள உன்னை ஆரடா ராசா அனுப்பினது?" பின்னால் பூவளையத்தைச் சரிசெய்துகொண்டு நின்ற அனோஜா தலை நிமிரவில்லை. பிக்கரிங்கில் ஒருவர் பழைய ஸ்பீக்கர் சோடி விற்கிறார், ஒருக்கால் எடுத்துவா யூட்சன் என்று ஃபோனில் கேட்டது அவள்தான், அவன் அம்மாவிடம் "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நெடுஞ்சாலையில் கார் மூன்று தரம் புரண்டதாம், பின்சீற்றில் இருந்த ஸ்பீக்கர்களில் ஒரு கீறல்கூட இல்லை, அவைதான் இதோ இரண்டு பக்கமும் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எறிந்திருக்கலாம். எறிந்தால் ஏன் எறிந்தாய் என்று அம்மா கேட்பாள். அம்மாவோ அந்தக் கேள்வியை ஆறு வருடமாகத் திரும்பக் கேட்கவேயில்லை, பாடவும் இல்லை.

ஃபோன் அதிர்ந்தது, எபோ. பெயர் கிடைத்ததா என்றான். தேடுகிறேன் என்றாள். அவன் குரலைத் தாழ்த்தி, "அனோ, எங்கட ஊர்ப் பொம்பிளையளும் செத்தவீட்டில இப்பிடித்தான். இது பாட்டில்லை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றான். அவனுடைய ஆங்கிலம் அவள் காதுக்குள் எப்போதும் இப்படித்தான் தமிழாகி விழும். "ஒண்டு கேக்கவா? என்ர பாட்டில நீ ஒரு மூச்சுச் சத்தம் விடமாட்டாய், எல்லாத்தையும் வெட்டுவாய். அந்த மனுசி கடைசியில மூச்செடுக்கிறா, அதை மட்டும் ஏன் விட்டனீ? அவ என்னவோ சொல்லப் போறா. அதுக்குப் பிறகு என்ன இருக்கு?" தெரியாது என்றாள். அந்தப் பெயர் இல்லாமல் பாட்டை அனுப்ப மாட்டேன், வேண்டுமென்றால் மேடை போகட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மூச்சா... அவள் விட்டாளா? ஹெட்போனில் நூறு தரம் கேட்டும் அது காதில் விழவில்லையே, இல்லை, விழுந்துதான் விட்டாளா? ஹெட்போனைக் கழற்றி நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஸ்பீக்கரில் போட்டாள், வீட்டில்தான் ஒருவரும் இல்லையே. மத்தளம் அடங்கியது, பேஸ் விலகியது, அம்மா வந்தாள், பதினொரு விநாடியும் அறை நிறைய நின்றாள், கடைசியில் அந்த மூச்சு, கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி நீளமாக, அதன் மேல் எபோவின் கோரஸ் வந்து விழுந்து மூடியது. மேலே ஒரு கதிரை நகரும் சத்தம். அம்மா கோயிலுக்குப் போகவில்லை. இழுபடும் வலது கால் குசினியைக் கடந்து பேஸ்மென்றுப் படியின் தலைப்பில் வந்து நின்றது, கதவு திறந்தது, பாட்டை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் விரல் வரவில்லை, அது தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. படியின் மேலே இருந்து அந்த மூச்சு கேட்டது, அதே நீளம், அதே மூச்சு, ஸ்பீக்கரில் இருந்து அல்ல. இதோ அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறாள், அனோஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை, தேத்தண்ணி ஊத்தவோ?"

ஆறு வருடமாக அம்மா இப்படித்தானே கேட்கிறாள், சாப்பிட்டியோ, சப்பாத்துப் போட்டியோ, வெளியில பனி கொட்டுது கவனம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இந்த மூச்சை எடுத்துத்தானே கேட்கிறாள், உலகத்தின் எல்லாச் சத்தத்தையும் பிரித்தறிகிற காது இதை ஒருநாளும் பிடிக்கவில்லையே... அவனை அனுப்பினது யாரென்று அம்மாவுக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும்? மூன்று மணி தாண்டிவிட்டது, படிவத்தில் கோடு வெறுமையாகக் கிடந்தது, அம்மா கதவைச் சாத்தாமல் நின்றாள், ஓம் என்று சொல்வதற்காக அனோஜா மூச்சை உள்ளே இழுத்தாள், ஒரு தேத்தண்ணிக்கு அது மிகவும் நீளமான மூச்சாக இருந்தது.